ஏணியைப் பிடித்தவர்

லைப்சிக்
14 அக்டோபர் 2024

மதிப்பிற்குரிய பாலாம்பிகை அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் பத்மப்ரியா. ஊர் விருத்தாசலம். இங்கே பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவியாக இருக்கிறேன். உங்கள் முகவரியை வுப்பர்டாலில் தமிழ் வகுப்பு எடுக்கும் தபோதரன் சார் கொடுத்தார்.

தியாகி கனகவல்லி அம்மாளின் வாழ்க்கை வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1942 ஆகஸ்டில் வேதநல்லூர் முன்சீப் கோர்ட்டை ஒட்டி நின்ற மாமரத்தில் ஏறி, கூரைக்குத் தாவிக் கொடி கட்டியவர். கைக்குழந்தையோடு வேலூர்ச் சிறையில் பதினான்கு மாதம் இருந்தவர். 1952 முதல் மூன்று முறை சட்டமன்ற உறுப்பினர்.

அவருடைய தன்வரலாறு அவர் மறைந்த பிறகு, 1990இல் அச்சானது. பொருளடக்கத்தில் பத்தொன்பது அத்தியாயங்கள் இருக்கின்றன. உள்ளே பதினெட்டுதான். கடைசி அத்தியாயத்தின் தலைப்பு ‘நான் அறிந்தவர்’. அவருடைய மகன் பார்த்தசாரதி ஐயா முன்னுரையில், அம்மா இரக்கப்பட்டு வீட்டில் தங்க வைத்திருந்த ஓர் இலங்கைப் பெண் அதை எடுத்துக்கொண்டு வெளிநாடு போய்விட்டாள் என்று எழுதியிருக்கிறார். பெயர் போடவில்லை. அம்மாள் எழுதிய வேறொரு கடிதத்தில்தான், ‘பாலாம்பிகை சொன்னதை அப்படியே எழுதுகிறாள், நல்ல கையெழுத்து’ என்று பார்த்தேன்.

குற்றம் சாட்ட எழுதவில்லை. உங்கள் தரப்பையும் கேட்க வேண்டும் என்றுதான். போன் நம்பர் தந்தால் உங்களுக்கு வசதியான நேரத்தில் பேசுவேன்.

பணிவுடன்,
பத்மப்ரியா


வுப்பர்டால்
29.10.2024

செல்வி பத்மப்ரியா அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என்னைக் கேட்காமல் தபோதரன் முகவரி கொடுத்தது பிழை. அதை அவரிடமே சொல்லிவிட்டேன்.

தொலைபேசியில் கதைக்க மாட்டேன். கதைத்ததை நாளைக்கு வேறு மாதிரிச் சொல்லலாம். எழுதினது எழுதினபடி இருக்கும். நான் அகதியாக இந்த நாட்டுக்கு வந்த ஆள். எத்தனையோ பேர் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து சிரித்துக்கொண்டு என்னைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். முதல் கேள்வி எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும்.

அந்த வீட்டில் நான் இருந்தது உண்மை. 1984 ஐப்பசியிலிருந்து 1986 தை மாதம் வரை. அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டு வந்ததால் அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். சாப்பாடும் ஒரு அறையும் தந்தார். எவரிடமும் நல்ல பெயர் வாங்க அவர் எதையும் செய்ததில்லை. மந்திரிகள் வந்தாலும் கஞ்சிக் கிண்ணத்தைக் கீழே வைக்காமல்தான் கதைப்பார்.

அத்தியாயம் எதுவும் என்னிடம் இல்லை. உங்களை யார் அனுப்பினது என்று எனக்குத் தெரியாது. யாராயிருந்தாலும் இதையே சொல்லுங்கள்.

வரலாறு எழுதுகிறவர் என்றபடியால் ஒன்று. சேலை கட்டின ஒரு மனிசி மரத்திலிருந்து ஓட்டுக் கூரைக்குத் தாவ ஏலுமா என்று யோசித்துப் பார்த்தீர்களா? ஏணி வைத்துத்தான் ஏறினது.

பாலாம்பிகை உருத்திரமூர்த்தி


லைப்சிக்
11 நவம்பர் 2024

மதிப்பிற்குரிய அம்மா,

பதில் எழுதியதற்கு நன்றி. உங்கள் கடைசி வரியை நான் பல முறை படித்தேன்.

தன்வரலாற்றின் பதினெட்டு அத்தியாயத்திலும் மாமரம்தான். கோர்ட் தீர்ப்பின் நகல் என்னிடம் இருக்கிறது, அதிலும் மாமரம்தான். 1952 தேர்தல் நோட்டீஸில் மாமரத்தையே படமாகப் போட்டிருக்கிறார்கள். அந்த மரம் நின்ற இடத்தில் இப்போது கல்வெட்டு இருக்கிறது. ஏணி எங்குமே இல்லை.

அப்படியானால் உங்களுக்கு மட்டும் ஏணி எப்படித் தெரியும்? அம்மாள் உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் எழுதியிருக்க வேண்டும். இன்னொன்றும் கண்ணில் பட்டது. ‘ஏணி வைத்து ஏறினார்’ என்று நீங்கள் எழுதவில்லை. ‘ஏறினது’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பக்கத்துப் பேச்சு வழக்கு அப்படி இருக்கலாம். நான் அதிகமாக யோசிக்கிறேனோ என்னவோ. இருந்தாலும் கேட்கிறேன், ஏறியது யார்?

நீங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அத்தியாயம் உங்களிடம் இல்லை என்பதை என்னால் நம்ப முடியவில்லை.

பத்மப்ரியா


வுப்பர்டால்
3.12.2024

செல்வி பத்மப்ரியா,

என் தங்கையின் மகள் ஆதிரை நேற்றுக் கணினியில் ஒரு படம் எடுத்துக் காட்டினாள். சென்னையில் ஒரு மேடை. ‘கனகவல்லி நினைவு அறக்கட்டளை, ஆய்வு உதவித் தொகை வழங்கும் விழா’ என்று பின்னால் எழுதியிருக்கிறது. பார்த்தசாரதி உங்களுக்குப் பொன்னாடை போர்த்துகிறார். நீங்கள் குனிந்து நிற்கிறீர்கள். வயதாகிவிட்டாலும் அவரை எனக்கு அடையாளம் தெரியும்.

“பெரியம்மா, இவ அந்த ஆளின்ர ஆள்தான்” என்றாள் ஆதிரை.

என்னைக் கள்ளி என்று அச்சடித்தவர் உங்களைப் படிப்பிக்கிறார். அதை முதல் கடிதத்திலேயே எழுத உங்களுக்கு ஒரு வரி போதும். எழுதவில்லை. என் தரப்பைக் கேட்க வந்தேன் என்று எழுதினீர்கள்.

அந்த முன்னுரையை நான் 1991இல் வாசித்தேன். இங்கே ஒரு முதியோர் இல்லச் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, யாரோ சென்னையிலிருந்து கொண்டுவந்து தந்த புத்தகம். அதன் பிறகு இங்கே எந்தத் தமிழ்க் கூட்டத்திலும் என் ஊர், பெயர் கேட்டால் முதலில் கேட்டவரின் முகத்தைப் பார்ப்பேன். வாசித்திருப்பாரோ என்று.

இனி எனக்கு எழுத வேண்டாம்.

பாலாம்பிகை


லைப்சிக்
15 டிசம்பர் 2024

அம்மா,

எழுத வேண்டாம் என்றீர்கள். இந்த ஒன்றை மட்டும் படித்துவிடுங்கள்.

படம் உண்மை. என் ஸ்காலர்ஷிப் அந்த அறக்கட்டளையுடையது. அது இருப்பதால்தான் எனக்கு இங்கே விசா இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையும் இருக்கிறது. அம்மாள் தொடர்பான தாள் எது கிடைத்தாலும் முதலில் பார்த்தசாரதி ஐயாவிடம் ஒப்படைக்க வேண்டும், அவர் அனுமதித்தால்தான் புத்தகத்தில் சேர்க்கலாம். கையெழுத்துப் போடும்போது அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உங்களிடம் மறைத்தது தப்புதான். சொல்லியிருந்தால் நீங்கள் பதிலே எழுதியிருக்க மாட்டீர்கள் என்று கணக்குப் போட்டேன்.

ஆனால் ஏணியைப் பற்றி அவரிடம் இதுவரை நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே இப்போதுதான் புரிகிறது.

இங்கே ஓர் ஆவணக் காப்பகத்தில், தமிழ்நாட்டில் ஊழியம் செய்த பாதிரியார்கள் அனுப்பிய பழைய அறிக்கைகள் இருக்கின்றன. உங்கள் கடிதத்துக்குப் பிறகு வேதநல்லூர் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். 1943இல் எழுதிய ஓர் அறிக்கையில் நான்கு வரி. அவர்களுடைய கிறிஸ்தவக் கோயிலின் ஏணி கோர்ட் வளாகத்தில் கிடந்ததாகப் போலீஸ் கொண்டுவந்து கொடுத்ததாம். கோயில் காவலாளியின் மகள், பள்ளி ஆசிரியை, தொடை எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தாராம். நிர்வாகம் அவரைக் காரணம் எழுதாமல் வேலையிலிருந்து நீக்கிவிட்டதாம். பெயர் டெல்சி.

கனகவல்லி அம்மாள் 1958இல் சட்டமன்றத்தில் பேசிய ஒரு பேச்சு நினைவுக்கு வந்தது. ஆசிரியைகளைக் காரணம் சொல்லாமல் நீக்கும் பள்ளிகளுக்கு மானியத்தை நிறுத்த வேண்டும் என்று ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார். இவருக்கு இதில் ஏன் இவ்வளவு கோபம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

டெல்சி என்ற பெயர் உங்களுக்குத் தெரியுமா அம்மா?

பத்மப்ரியா


வுப்பர்டால்
19.1.2025

பத்மப்ரியாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று கிழமை திறக்காமல் வைத்திருந்தேன். திறந்தபோது அந்தப் பெயர் இருந்தது. என்னைத் தவிர இன்னொருவர் கையால் அது எழுதப்பட்டதை நான் பார்த்தது இதுதான் முதல் தடவை.

நான் உங்களுக்குப் பொய் எழுதினேன். அத்தியாயம் என்னிடம் இருக்கிறது. பதினொரு தாள். என் கையெழுத்து. ஒவ்வொரு தாளின் அடியிலும் அம்மாவின் ஒப்பம். கண் தெரியாததால் கோடு சரிந்து கீழே இறங்கியிருக்கும்.

1985 ஐப்பசி, மழைக்காலம். பின்னேரம் கூப்பிட்டு இருக்கச் சொன்னார்.

“எழுதிக்கோ. கூரைல ஏறினது நான் இல்லை. நான் கீழ ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.”

நான் பேனையைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். “எழுதுன்னு சொன்னேன்” என்றார்.

டெல்சிக்கு அப்போது இருபத்தொரு வயது. ராட்டை வகுப்பில் பழக்கம். அம்மாவின் ஆட்கள் கால் வைக்காத தெருவில் அவருடைய வீடு. அப்பா காவல் பார்த்த கோயிலிலிருந்து ஏணியைக் கொண்டுவந்ததும் டெல்சி, ஏறினதும் டெல்சி, கொடி கட்டினதும் டெல்சி. இறங்கும்போது ஒரு போலீஸ்காரன் ஓடிவந்து ஏணியை உதைத்தான். விழுந்தவரை இரண்டு பேர் வயலுக்குள்ளால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அம்மா போகவில்லை. போலீஸ் வந்து பிடிக்கட்டும் என்று அங்கேயே நின்றார். ‘நான்தான் ஏறினேன்’ என்றார். ஏணி எங்கிருந்து வந்தது என்று தோண்டுவார்கள் என்றுதான் மாமரத்தைச் சொன்னார்.

“அவளைக் காப்பாத்தத்தான் சொன்னேன். அன்னிக்கு அது பொய்யாவே எனக்குத் தெரியலை” என்றார்.

சிறையால் வந்தபோது சனம் மாலையோடு நின்றது. இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டார். பிறகு தேர்தல் வந்தது. பிறகு இன்னொரு தேர்தல். தெருவுக்குக் கிணறு வெட்டிக் கொடுத்தார், பெண் பிள்ளைகளுக்கு விடுதி கட்டினார். அதையெல்லாம் செய்தது பொய்யில்லை, நானே அந்த விடுதிப் பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். 1972இல் டெல்சி நொண்டி நொண்டி வீட்டுக்கு வந்திருக்கிறார். தியாகி என்று பதிய விண்ணப்பம். கூடப் போராடியவர் ஒருவர் ‘இவரை அறிவேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அம்மா அவரை உள்ளே கூப்பிடவில்லை. “குடுத்துட்டுப் போ, பாத்து அனுப்பறேன்” என்று வாசலிலேயே வாங்கிக்கொண்டார். அதில் ‘இவரை நான் அறியேன்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்.

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. “அந்த வருஷம்தான் எனக்குத் தாமிரப் பட்டயம் குடுத்தாங்க, அதையும் எழுது” என்றார்.

அடுத்த நாள் காலமை கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். “நேத்து எழுதினதைக் கிழிச்சுடு” என்றார்.

“ஓம் அம்மா, கிழிச்சுப்போடுறன்” என்றேன். கிழிக்கவில்லை. பொருளடக்கத்தில் இருந்த தலைப்பை வெட்டு என்று அவரும் சொல்லவில்லை.

ஆகவே பார்த்தசாரதி எழுதினது முழுப் பொய்யில்லை. அம்மா தந்ததை நான் கொண்டுவரவில்லை. கிழிக்கச் சொன்னதைக் கொண்டுவந்தேன். உண்மையைக் காப்பாற்றத்தான் வைத்திருந்தேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அந்த வீட்டால் எப்போது போகச் சொல்லுவார்கள் என்று தெரியாத ஆள் நான். கையில் ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான்.

மூன்று கிழமை கழித்து அம்மா ஒரு பெரிய அதிகாரியைத் தொலைபேசியில் கூப்பிட்டார். “இந்தப் பொண்ணு என் பொண்ணு மாதிரி” என்றார். ஒரு வருடமாகக் கிடைக்காத வெளியேறும் அனுமதி பத்து நாளில் வந்தது. கிழக்கு பெர்லினுக்கு விமானம், அங்கிருந்து ரயில். போகிற அன்று வாசல் படலையில் நின்று என் கையைப் பிடித்தார். “பத்திரம்” என்றார்.

என்னைச் சொன்னாரா, தாளைச் சொன்னாரா? கிழிக்கவில்லை என்று தெரிந்துதான் என்னைத் தூர அனுப்பினாரா? இல்லாவிட்டால் எந்தக் கள்ளமும் இல்லாமல் எனக்கு ஒரு வாழ்வு தந்தாரா? நாற்பது வருடமாக அவரை நான் சந்தேகப்படுகிறேன். அவர் எனக்குச் செய்த ஒரே பெரிய நன்மையை என்னால் நன்மையாக நினைக்க முடியவில்லை.

டெல்சிக்கு நான் ஒரு கடிதம் போட்டிருக்கலாம். வேதநல்லூர் என்று எழுதினால் போயிருக்கும். போட்டால் அம்மா எனக்குத் தந்ததற்குத் துரோகம் என்று முதலில் நினைத்தேன். பிறகு, கள்ளி சொன்னால் யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். பிறகு எதையும் நினைக்காமல் விட்டுவிட்டேன்.

பார்க்க வேண்டுமென்றால் வீட்டுக்கு வாருங்கோ. தாள் வீட்டை விட்டு வெளியே போகாது. படமும் எடுக்கக் கூடாது.

பாலாம்பிகை


லைப்சிக்
9 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

அப்படிக் கூப்பிடச் சொன்னது நீங்கள்தான். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் வீட்டிலிருந்து திரும்பும்போது ரயில் முழுக்க ஒரே யோசனை. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் உங்கள் மேஜையில் உட்கார்ந்து அந்தப் பதினொரு தாளைப் படித்தபோதும் முழுசாக நம்பவில்லை. கையெழுத்து உங்களுடையது. கதையும் உங்களுக்குச் சாதகமானது. நீங்கள் தேத்தண்ணி போட உள்ளே போன நேரத்தில், சரிந்து இறங்கும் அந்த ஒப்பத்தை, என் பையில் இருந்த 1985ஆம் வருஷக் கடித நகல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றேதான். நீங்கள் கதவருகே நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். “வடிவாப் பாருங்கோ, அவசரமில்லை” என்று மட்டும் சொன்னீர்கள். அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

போன வாரம் பார்த்தசாரதி ஐயாவுக்குப் போன் செய்தேன். எதையும் மறைக்கவில்லை. முழுக்கக் கேட்டார். பிறகு, “எனக்கு எண்பத்து மூணு வயசாவுது. ஜெயில்ல தவழ்ந்த பிள்ளைன்னுதான் என்னை எல்லாருக்கும் தெரியும். அதைப் பிடுங்கி உனக்கு என்னம்மா கிடைக்கப் போவுது?” என்றார். நீங்கள் தவழ்ந்தது பொய்யில்லையே ஐயா, அம்மாள் சிறைக்குப் போனது உண்மைதானே என்றேன். “தாளை வாங்கி அனுப்பு. இல்லைன்னா உனக்கும் எங்களுக்கும் ஒண்ணுமில்லை” என்று வைத்துவிட்டார்.

மறுநாளே ஸ்காலர்ஷிப்பை நிறுத்தி மெயில் வந்துவிட்டது. விசாவுக்கு வெளிநாட்டவர் அலுவலகத்தில் நேரில் வரச் சொன்ன டெர்மின் ஏப்ரல் கடைசியில். என் பேராசிரியர் துறையில் ஆறு மாதத்துக்கு ஒரு வேலை பார்த்துத் தருகிறேன் என்கிறார். பார்ப்போம்.

வேதநல்லூர் கோயில் பதிவேட்டை வைத்துக் குடும்பத்தைக் கண்டுபிடித்துவிட்டேன். டெல்சி 1994இல் இறந்துவிட்டார். ஒரே மகள் லாரா, ரிட்டயரான நர்ஸ், அதே தெருவில் இருக்கிறார். வீடியோவில் பேசினேன். அம்மாவின் கால் எப்படிப் போனது என்று கேட்டேன். “கோயிலுக்கு வெள்ளை அடிக்கும்போது விழுந்துட்டாங்க” என்றார். அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் சந்தோஷப்படவில்லை அக்கா. “இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? எலெக்ஷன் வருதா?” என்றார். ஸ்கேன் செய்து அனுப்ப ஏற்பாடு செய்கிறேன் என்றேன். “வேண்டாம். இத்தனை வருஷம் வச்சிருந்தவங்க கொண்டாந்து குடுக்கட்டும். அவங்க மூஞ்சியைப் பாத்துட்டு வாங்கறேன்” என்றார்.

நீங்கள் போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. அவர் சொன்னதைச் சொல்லிவிட்டேன்.

பத்மப்ரியா


வுப்பர்டால்
21.5.2025

பிள்ளை பத்மப்ரியாவுக்கு,

வேதநல்லூர் போய்விட்டு முந்தாநாள் வந்தேன். உங்களுக்குச் சொல்லாமல் போனதற்குக் காரணம், கடைசி நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவேனோ என்று என் மேலேயே எனக்கு நம்பிக்கை இருக்கவில்லை.

சரியான வெயில். லாரா என்னை உள்ளே கூப்பிட்டு, கட்டிலில் இருக்கச் சொன்னார். தாளை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, பதினொன்றையும் ஒரு இடத்திலும் நிற்காமல் வாசித்தார். பிறகு முதல் தாளை எடுத்துத் திரும்பவும் வாசித்தார்.

“எங்கம்மா மூணு எலெக்ஷன்லயும் அந்தம்மாவுக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க” என்றார். “இந்தக் காலை வச்சுக்கிட்டுக் கியூல நிப்பாங்க. ரிக்‌ஷா வச்சுத் தரேன்னு கட்சிக்காரங்க வருவாங்க, ஏற மாட்டாங்க. நம்ம ஆளுன்னு சொல்லுவாங்க. நாங்க சிரிப்போம்.”

‘அறியேன்’ என்று 1972இல் அந்தப் பதில் கடிதம் வந்த பிறகு தாய் என்ன சொன்னார் என்று கேட்டேன். அப்படி ஒரு கடிதம் வந்ததே லாராவுக்குத் தெரியாது. தாய் எவரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என்னைக் கேட்டார். “நீங்க ஏன் நாப்பது வருஷம்?”

உங்களுக்கு எழுதினதையே சொன்னேன். ஒன்றையும் நல்லதாக்கிச் சொல்லவில்லை. “1986இல நான் ஒரு கடிதம் போட்டிருந்தா உங்கட அம்மா உயிரோட இருக்கேக்க வாசிச்சிருப்பா. எனக்கு அது தெரியும்” என்றேன்.

“ஆமா, வாசிச்சிருப்பாங்க” என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். அவர் எழும்பிப் போய்ச் சோறு போட்டார், மீன் குழம்பு. நானும் சாப்பிட்டேன். அவர் என்னை இன்னும் சந்தேகப்படுகிறார் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு அவருக்கு நியாயம் இருக்கிறது.

வெளிக்கிடும்போது உங்கள் புத்தகத்தைப் பற்றிக் கேட்டார். அந்தம்மாவைக் கேவலப்படுத்தி எழுதுவார்களா என்றார். எனக்குத் தெரியாது, என்ன எழுத வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கோ என்றேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“ஜெயிலுக்குப் போனதையும் எழுதச் சொல்லுங்க. எங்கம்மாவைக் காப்பாத்தத்தான் போனாங்கன்னு எழுதச் சொல்லுங்க. எங்க தெருக் கிணத்தை எழுதச் சொல்லுங்க. அப்புறம் தெரியாதுன்னு எழுதினாங்கல்ல, அதையும் எழுதட்டும். ரெண்டு பேர் பேரும் ஒரே பக்கத்துல வரணும். அடுத்த பக்கத்துல தள்ளிப் போட்டா நான் ஒத்துக்க மாட்டேன்.”

சரி என்று நான் உங்களுக்காகச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்காமல் சொன்னது பிழையாக இருக்கலாம்.

உங்கள் டெர்மின் என்ன ஆனது என்று எழுதுங்கோ. தொலைபேசி எண்ணைக் கீழே போட்டிருக்கிறேன். பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வீட்டில்தான் இருப்பேன்.

அன்புடன்,
பாலாம்பிகை அக்கா